தாளம் தப்பாத படம்: கச்சேரி முதல் மெட்டல் வரை மேடையைப் படம்பிடித்தல்

பெரிய அரங்கின் கடைசி வரிசையிலிருந்து செல்பேசியில் எடுத்த தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். மிருதங்கக்காரரின் விரல் வலந்தலையில் (மிருதங்கத்தின் வலப்பக்கத்தில்) விழுந்து எழுந்த பிறகுதான் ‘நம்’ என்ற சொல் காதுக்கு வரும். செல்பேசியில் கோளாறு எதுவும் இல்லை. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் நகர்கிறது. மேடைக்கு 40 மீட்டர் பின்னால் உட்கார்ந்தால் அது 117 மில்லிவிநாடி பிந்தி வரும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிவிநாடி. ஆக, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மூன்று ஃபிரேம் இடைவெளி.

நேரில் உட்கார்ந்து கேட்கும்போது இது உறுத்தாது. மேடை தொலைவில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, மூளையும் அதற்கேற்பச் சரிசெய்துகொள்கிறது. அதே மேடையை ஜூம் செய்து விரல்களைத் திரை நிறையக் காட்டினால் அந்தச் சலுகை போய்விடும். தொலைக்காட்சிக்கான பன்னாட்டு அளவுகோல் ஒன்று உண்டு: ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பிந்தினாலோ பார்ப்பவர்களுக்குத் தெரியத் தொடங்கும். முந்தினால் சீக்கிரம் தெரிகிறது. ஏனென்றால் இடி மின்னலுக்கு முன்னால் கேட்டதை யாரும் அனுபவித்ததில்லை.

மேடைக் கலையைப் படமாக்குவது என்பதன் சாரம் இதுதான்: திரும்ப நடக்காத ஒரு பொழுதை ஒலியாகத் தனியே, படமாகத் தனியே பதிந்து, இரண்டையும் மறுபடி ஒரே தாளத்தில் கட்டுவது. சினிமாப் பாட்டு வேறு வகை. அங்கே பாட்டு முன்பே பதிவாகிவிடும். தளத்தில் அதை ஓடவிட்டு நடிகர் வாயசைப்பார், சரியில்லை என்றால் இன்னொரு டேக் போகலாம். கச்சேரியில் அந்த நிரவல் (ஒரே வரியைக் கற்பனையோடு விரித்துப் பாடுவது) இன்னொரு முறை வராது.

இந்தச் சிக்கலுக்குச் சினிமாவின் வயதே ஆகிறது. 1894 இறுதியிலோ 1895 தொடக்கத்திலோ, நியூ ஜெர்சியில் இருந்த எடிசனின் படக்கூடத்தில் எடிசனின் உதவியாளர் டபிள்யூ.கே.எல். டிக்சன் ஒரு பெரிய ஒலிக்கூம்பின் முன் நின்று வயலின் வாசித்தார். பக்கத்தில் இரண்டு பேர் கைகோத்து ஆடினார்கள். படம் 17 விநாடி. இசை தனியாக ஒரு மெழுகு உருளையில் பதிவானது. இரண்டும் பிரிந்து தனித்தனி இடங்களில் கிடந்தன, உருளை உடைந்தும் போயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து உருளையை ஒட்டவைத்து, எடிட்டர் வால்டர் மர்ச் கணினியில் இரண்டையும் பொருத்திய பிறகுதான் அந்த ஆட்டத்துக்கு அதன் இசை திரும்பக் கிடைத்தது.

ஒலியில் தொடங்குங்கள்

நான்கு கேமராவில் ஒன்று நின்றுபோனால் மற்ற மூன்றை வைத்து ஒப்பேற்றலாம். ஒலி போனால் ஒப்பேற்ற ஒன்றுமில்லை. அதனால் கையிலிருக்கும் பணத்தையும் நேரத்தையும் முதலில் ஒலிக்குச் செலவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, எல்லா மைக்கின் ஒலியையும் கலக்கும் சவுண்ட் போர்டிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கேமராவில் சொருகிவிட்டு நிம்மதியாக இருப்பது. 300 பேர் உட்காரும் சபாவில் மிருதங்கமும் கடமும் மைக் இல்லாமலே பின்வரிசை வரை கேட்கும். எனவே போர்டில் இருப்பவர் அவற்றைக் குறைத்து வைத்து, குரலையும் தம்பூராவையும் ஏற்றுவார். அரங்கில் எல்லாம் அளவாகக் கேட்கும். உங்கள் வயரில் வருவதோ குரல் மட்டும் முகத்துக்கு நேராக, மிருதங்கம் பக்கத்து வீட்டில் வாசிப்பது போல. சிறிய இடத்தில் நடக்கும் மெட்டல் (வேகமும் சத்தமும் மிகுந்த ராக் இசை) நிகழ்ச்சியிலும் அச்சு அசலாக இதேதான் நடக்கிறது. டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களும் தாமாகவே காதைப் பிளக்கும், போர்டு வழியாகப் போவது பெரும்பாலும் குரல்தான். பதிவில் ஒருவர் தனியாக உறுமிக்கொண்டிருப்பார், பின்னால் யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலிருக்கும்.

மருந்து, மல்டி-ட்ராக் பதிவு, அதாவது ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிவது. ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டாகப் பிரித்து, ஒன்றை அரங்கின் போர்டுக்கும் இன்னொன்றை உங்கள் ரெக்கார்டருக்கும் அனுப்புங்கள். இப்போதுள்ள டிஜிட்டல் போர்டுகள் பலவற்றில் ஒரு யுஎஸ்பி வயரிலேயே எல்லா ட்ராக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். வாய்ப்பாட்டுக் கச்சேரிக்குக் குரல், வயலின், வலந்தலை, தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்கம்), கடம் அல்லது கஞ்சிரா, தம்பூரா என்று ஆறு ட்ராக் வரும். அரங்கைப் பார்த்தபடி இரண்டு மைக் சேர்த்தால் எட்டு. மெட்டலில் டிரம்ஸுக்கே எட்டு முதல் பன்னிரண்டு மைக் தேவைப்படும். பரதநாட்டியத்தில் எப்போதும் மறந்துபோகிற ஒன்று பாதத்தின் ஒலி. மேடையின் முன்விளிம்பில் தரையோடு தரையாகப் படுக்கிற பவுண்டரி மைக் ஒன்றோ இரண்டோ வைத்தால்தான் தட்டடவின் (பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் அடவு) அடியும் சலங்கையும் பதியும். அது இல்லாத பதிவில், ஆடுபவர் பஞ்சு மேல் ஆடுவது போலிருக்கும்.

அரங்கு மைக்குகளை வீண் என்று விட்டுவிடாதீர்கள். நெருங்கி வைத்த மைக்குகளில் கூட்டம் இருக்காது. ‘பேஷ்’ கேட்காது, கைதட்டல் அறைக்கு வெளியே பெய்யும் மழை மாதிரி ஒலிக்கும், இருபதாயிரம் பேர் சேர்ந்து பாடும் இடம் வெறிச்சென்று போகும். ஒரு கணக்கு மட்டும் நினைவிருக்கட்டும். 20 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் ஒலி 58 மில்லிவிநாடி பிந்தியிருக்கும். கலவை செய்யும்போது அந்த ட்ராக்கை அவ்வளவு முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் ஒவ்வொரு தட்டும் இரட்டையாகக் கேட்கும்.

ஒலியளவை, உச்சம் எல்லைக்கோட்டுக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி வையுங்கள். சவுண்ட் செக்கில் அளவாகப் பாடியவர், கூட்டத்தைப் பார்த்ததும் தாரஸ்தாயியில், அதாவது உச்சக் குரலில், நின்று நீளமாகக் கார்வை கொடுப்பார். எல்லையைத் தாண்டி நசுங்கிய ஒலியைப் பிறகு மீட்க முடியாது. மிகப் பெரிய ஒலியையும் நசுக்காமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் கவலையில்லை என்பார்கள். அது பாதி உண்மை. நசுங்கல் அதற்கு முன்னால், போர்டிலோ மைக்கிலோ நடந்திருந்தால் எந்த ரெக்கார்டராலும் பயனில்லை. இன்னொன்று, போர்டிலிருந்து வருவது லைன் அளவு. கேமராவின் மைக் துளை அதைவிடப் பல மடங்கு மெலிந்த ஒலியை எதிர்பார்ப்பது. மெனுவில் ‘லைன்’ என்று மாற்றாமலோ நடுவில் ஒலியளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போடாமலோ சொருகினால் கரகரப்பு மட்டுமே மிஞ்சும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். மீட்டர் முள் ஆடுவதைப் பார்த்து நம்பிவிட வேண்டாம், இரைச்சலுக்கும் முள் ஆடும்.

கடிகாரங்கள் விலகும்

ஒவ்வொரு கேமராவிலும் ரெக்கார்டரிலும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபாடு இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 36 மில்லிவிநாடி விலகும், இரண்டரை மணி நேரக் கச்சேரியில் 90. தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய படம், மங்களம் வரும்போது இரண்டு ஃபிரேமுக்கு மேல் தப்பியிருப்பது இதனால்தான். அனுபவமில்லாத எடிட்டர் முதல் பாட்டில் பொருத்திப் பார்த்துவிட்டு, கடைசிப் பாட்டைப் பார்க்காமலே அனுப்பிவிடுவார்.

வசதி இருந்தால் எல்லாக் கருவிக்கும் ஒரே டைம்கோட் பெட்டியிலிருந்து நேரம் கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கேமராவும் பார்க்கும்படி தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. முதல் தட்டில் பொருத்திக் கடைசித் தட்டில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் கடிகார வேறுபாடு தெரிந்துவிடும். பிறகு படத்தைத்தான் அங்கங்கே ஒரு ஃபிரேம் கூட்டிக் குறைத்து ஒட்ட வேண்டும். ஒலியை இழுக்காதீர்கள், கேமரா மாறும் இடத்தில் ஒரு ஃபிரேம் போனால் யாருக்கும் தெரியாது. கேமராவிலேயே இருக்கும் மைக்கை அணைக்கவும் வேண்டாம். அந்த மோசமான ஒலிதான் மென்பொருள் அலைவடிவத்தை ஒப்பிட்டுப் பொருத்த உதவும் அடையாளம்.

எல்லாக் கேமராவும் ஒரே ஃபிரேம் வேகத்தில், ஒலி எல்லாவற்றிலும் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 அல்லது 50 ஃபிரேமும், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு விநாடியும் வைத்தால் சாதாரண விளக்குகள் மினுங்காது. நடனத்துக்கு 50 ஃபிரேம் நல்லது. திருகிச் சுழலும் கை 25 ஃபிரேமில் கலங்கித் தெரியும்.

பாட்டுக்கு நடுவே கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுக்கக்கூடாது. ஒவ்வொரு நிறுத்தமும் புதிதாகப் பொருத்த வேண்டிய ஒரு துண்டு. விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் ஒரு கேமரா மணிக்கு 45 ஜிபி எடுக்கும். நான்கு கேமரா, இரண்டரை மணி என்றால் 450 ஜிபி. இதற்குக் கார்டு போதாதென்றால் மாற்றித்தான் ஆகவேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் எல்லோரும் மாற்றக் கூடாது. 1976 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ‘தி பேண்ட்’ என்ற ராக் குழுவின் விடைபெறும் கச்சேரியை இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார். ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடம்தான் ஓடும். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடவந்தபோது மற்றக் கேமராக்கள் நின்றிருக்க, ஒரே ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஒற்றைக் கேமராவின் தயவால்.

முழு உடம்பும் தெரியட்டும்

நடனத்தைப் படம்பிடிக்கிறவர்களுக்கு ஹாலிவுட் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர் 1930களிலேயே ஒரு பாடம் வைத்துவிட்டுப் போனார். தான் ஆடும்போது தலை முதல் பாதம் வரை திரையில் தெரிய வேண்டும், வெட்டு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பரதத்துக்கு இது இன்னும் கட்டாயம். அரைமண்டியின் (முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி அமர்ந்த நிலை) அழகு இடுப்புக்கும் முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள கோணங்களில் இருக்கிறது. தொடையோடு வெட்டிய ஃபிரேமில் ஒருவர் சும்மா குள்ளமாக நிற்பது போலத் தெரியும்.

கேமராவின் உயரம் பலர் யோசிக்காத விஷயம். பால்கனியிலிருந்து எடுத்தால் அரைமண்டி தட்டையாகிவிடும். தரையில் முக்காலி போட்டு எடுத்தால் முன்வரிசைத் தலைகளும் பூச்சரமும் பாதத்தை மறைக்கும். லென்ஸ் ஆடுபவரின் இடுப்புக்கு நேராக இருப்பதே நல்லது. மேடை ஒரு மீட்டர் உயரம் என்றால் அரங்கின் தரையிலிருந்து இரண்டு மீட்டர் வரும், அதற்கு ஒரு சிறு பலகைமேடை வேண்டும். தூரத்துக்கும் கணக்கு இருக்கிறது. பெரிய சென்ஸார் கொண்ட ஃபுல்-ஃபிரேம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 10 மீட்டர் அகல மேடையை முழுதாகக் காட்ட 14 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். 25 மீட்டர் தள்ளித்தான் இடம் என்றால் 90 மில்லிமீட்டர் லென்ஸ் எடுத்துப் போங்கள்.

ஒரே ஒரு கேமராதான் இருக்கிறதா? நடுவில் அசையாமல் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஜதி (சொற்கட்டுக்கு ஆடும் வேகப் பகுதி) ஓடும்போது ஜூம் செய்வதைப் போல நடனத்தைக் கெடுப்பது வேறில்லை. ஆடுபவர் முன்னே வருகிறாரா, கேமரா முன்னே போகிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். இரண்டாவது கேமரா கிடைத்தால் அதை அபிநயத்துக்கு வையுங்கள், முகத்துக்கு மட்டும் அல்ல. கை சென்ற வழி கண், கண் சென்ற வழி மனம் என்கிறது அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல். முகத்தை மட்டும் நெருங்கிக் காட்டினால் கண் எதைப் பார்க்கிறது என்பது ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். இடுப்புக்கு மேல், நீட்டிய இரண்டு கையும் அடங்கும் அளவே பதம் என்ற அபிநய உருப்படிக்குச் சரியான நெருக்கம்.

எல்லாக் கேமராவும் மேடையின் முன்பக்கமே நிற்க வேண்டும். சஞ்சாரியில் (ஒரு வரியின் கதையை விரித்துக் காட்டும் அபிநயத்தில்) ஆடுபவர் தோழியை வலப்பக்கம் நிறுத்திப் பேசுகிறார், நாயகன் இடப்பக்கம் இருக்கிறான். மேடையின் ஓரத் திரைக்குள் புகுந்து பின்பக்கமாக எடுத்த காட்சியை நடுவே சொருகினால் இடம் வலமாகித் தோழியும் நாயகனும் மாறிப்போவார்கள். ஆடுபவர் காற்றில் கட்டிய வீட்டைக் கேமரா இடித்ததாக ஆகும்.

கறுப்புத் திரைக்கு முன் ஆட்டோ எக்ஸ்போஷர் வேலைக்காகாது. இருட்டைச் சரிசெய்வதாக நினைத்து அது முகத்தையும் நகையையும் வெளுக்கடித்துவிடும். முகத்துக்கு அளவு பார்த்து எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றையும் கையால் பூட்டுங்கள்.

அடுத்து யார் வாசிப்பார்?

கச்சேரியில் கேமராவை நடத்துபவருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய சிம்பொனி ஒளிபரப்பில் இயக்குநர் பக்கத்தில் ஒருவர் இசைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு ‘எட்டு அளவில் ஓபோ’ (எட்டு தாளச் சுற்றில் ஓபோ என்ற குழல் வாத்தியம் வரும்) என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருப்பார். நம் கச்சேரியில் தாள் இல்லை, ஆனால் வரைபடம் இருக்கிறது. ராக ஆலாபனையில் பாடகர் ஒரு கட்டம் முடித்ததும் வயலின். கல்பனாஸ்வரத்திலும் மாறிமாறித்தான். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் முறைவைத்து வாசித்து, குறைப்பில் ஆவர்த்தனக் கணக்கு சுருங்கச் சுருங்கக் கைமாறும் வேகம் கூடும். பிறகு முடிவுக்கான சொற்கட்டுகள்: மோரா, அதன்பின் கோர்வை மூன்று முறை. மூன்றாவது முறை முடியும் எடுப்பில் (பாட்டு தொடங்கும் தாள இடத்தில்) மேடை முழுவதும் திரையில் இருக்க வேண்டும். அந்த நொடியில் மைக் ஸ்டாண்டின் க்ளோஸ்-அப் ஓடிக்கொண்டிருந்தால் அரைமணி நேர வாசிப்பு வீணாகிறது.

உட்காரும் முறையும் உதவுகிறது. வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின், ஒருவரையொருவர் பார்த்தபடி. நேர்முன்னால் இருக்கும் கேமராவுக்கு மிருதங்கத்தின் வலந்தலை மட்டுமே தெரியும், தொப்பியில் விழும் கை மறைந்துவிடும். அதனால் மேடையைப் பார்த்து உட்காருபவரின் வலது ஓரத்துக் கேமரா மிருதங்கத்தையும், இடது ஓரத்துக் கேமரா வயலினையும் குறுக்காகப் பார்க்கட்டும். மிருதங்கம் வாசிப்பவர் இடக்கைக்காரர் என்றால் இருக்கை மாறும். வாசலில் நுழையும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மெட்டலில் மாறுவது எது

வேகமும் ஒளியும். நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில் டிரம்மர் இரட்டைப் பெடலில் ஒரு தட்டுக்கு நான்கு அடி போட்டால், அடிக்கும் அடிக்கும் இடையே 75 மில்லிவிநாடி. 25 ஃபிரேம் படத்தில் ஒரு அடிக்கு இரண்டு ஃபிரேம்கூட இல்லை. ஒரு ஃபிரேம் தப்பினாலே கால் மேலே இருக்கும்போது அடி கேட்கும். பேச்சுக்குப் போதுமான ஒட்டு இதற்குப் போதாது. டிரம்ஸுக்குப் பின்னாலும் பெடலுக்குப் பக்கத்திலும் சிறு கேமரா பூட்டுவது நல்ல வழக்கம். கிட்டாரில் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) ஓடும்போது தந்தியை மீட்டும் கையையும், தனியாக வாசிக்கும் சோலோவில் தந்தியை அழுத்தும் கையையும் காட்ட வேண்டும். இதை மாற்றிக் காட்டினால் கிட்டார் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

சிவப்பு, நீல எல்ஈடி விளக்குகள் ஒரே வண்ணத்தை மட்டும் நிரப்பி முகத்தின் விவரத்தைத் தின்றுவிடும். மொத்த வெளிச்சம் காட்டும் மீட்டர் சரி என்று சொல்லும்போதே சிவப்பு மட்டும் தனியாக எல்லை தாண்டியிருக்கும். மூன்று வண்ணத்தையும் பிரித்துக் காட்டும் ஆர்ஜிபி பரேடைப் பார்த்து ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) குறைத்து வையுங்கள். ஸ்ட்ரோப் விளக்கு மின்னும்போது சாதாரண சென்ஸார் வரிவரியாகப் படிப்பதால் படத்தில் பாதி வெளுத்தும் பாதி இருண்டும் பட்டையாக விழும். எல்லா வரியையும் ஒரே நொடியில் பதியும் குளோபல் ஷட்டர் கேமராவில் இது வராது. புகை, ஆட்டோ ஃபோகஸைத் தடுமாற வைக்கும். கூட்டம் குதித்தால் மரப்பலகை மேடையோடு சேர்ந்து கேமராவும் குதிக்கும், ஆகவே கேமராவின் சாரம் பார்வையாளர் தளத்தைத் தொடாமல் தனியாக நிற்க வேண்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் ஒளிப்பதிவாளருக்குக் காதடைப்பு கட்டாயம். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் நாளுக்குப் பதினைந்து நிமிடம்தான்.

கூட்டம் அங்கே நிகழ்ச்சியின் பாதி. ரசிகர்கள் முட்டி மோதி வட்டமாகச் சுழலும் மாஷ் பிட்டை மேலிருந்து ஒருமுறையாவது காட்டாவிட்டால் அந்த இரவு எப்படி இருந்தது என்பதே தெரியாது. சபாவில் ரசிகரைக் காட்டும்போது வேறொரு எச்சரிக்கை: தொடையில் தாளம் போடும் ஒருவரை வேறு பாட்டிலிருந்து எடுத்து ஒட்டினால், அவர் கை ரூபக தாளத்தில் விழும், மேடையில் ஆதி தாளம் ஓடும்.

வெட்டும் மேசையில்

முதலில் ஒலியைக் கலந்து முடித்துவிட்டு, அதன்மேல் படத்தை வெட்டுங்கள். அடவு பாதியில் இருக்கும்போது கேமரா மாற்றாதீர்கள். பாதம் தரையில் விழும் ஃபிரேமிலோ தீர்மானம் (ஜதியின் முடிப்பு) முடிந்து தாளம் தொடங்கும் சமத்திலோ மாற்றினால் வெட்டு கண்ணில் படாது. மெட்டலில் ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டுகிற ஆசை வரும். நான்கு தாளச் சுற்றுக்கு ஒருமுறை என்று பொறுத்துப் பாருங்கள், வாசிப்பவரின் திறமை அப்போதுதான் தெரிகிறது. ஆலாபனையில் ஒரே முகத்தோடு மூன்று நிமிடம் இருக்கலாம், தவறில்லை.

வெளியிடுவதற்கு முன் கலைஞர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தியாகராஜர் கீர்த்தனை யாருக்கும் பொது. ஆனால் அதை அன்று பாடியவரின் நிகழ்த்துரிமை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஐம்பது ஆண்டு அவருடையது. பக்கவாத்தியக்காரர்களுக்கும் அதே உரிமை உண்டு, அவர்களைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாகப் பொருத்தம் பார்க்கும்போது புளூடூத் இயர்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். அது தானாகவே நூறு, இருநூறு மில்லிவிநாடி தாமதம் சேர்க்கும். அதை நம்பி நீங்கள் ஒலியை முன்னால் தள்ளினால், சரியாக இருந்த படம் கெட்டுப்போகும். வயர் ஹெட்ஃபோனைச் சொருகி, நட்டுவாங்கம் செய்பவரின் கைத்தாளங்கள் இரண்டும் மோதும் ஒரு ஃபிரேமைத் தேடிப்பிடித்து, அதே இடத்தில் அலைவடிவம் எழும்புகிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் ஒரு முறை, தில்லானாவின் கடைசி ஜதியில் ஒரு முறை.